எல்லாருக்கும் பதில் சொன்ன அக்கா

அந்த அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுவிட்டேன்.

கல்யாணமாகி, தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் வாரம் அது. கித்தா மரத்தடி வெக்கையில் வளர்ந்தவளுக்கு அந்தக் குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஒருநாள் காய்ச்சலில் அசந்துவிட்டேன். கண் விழித்தபோது லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் இல்லை. எல்லாரும் பெரட்டுக் களத்துக்குப் போய்விட்டார்கள். பெரட்டுக்கு நின்று பேர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. கூடையை மாட்டிக்கொண்டு ஓடினேன். மூடுபனியில் கைக்கு எட்டுகிற தூரம்கூடத் தெரியவில்லை. கங்காணி பேர் வாசிக்கிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. என் பேர் வந்தது. ஓடி வந்த மூச்சிரைப்பில் எனக்கு வாய் திறக்கவில்லை. அதற்குள் பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்:

"இருக்காங்கய்யா!"

கங்காணி அடுத்த பேருக்குப் போய்விட்டார். கூட்டம் கலைந்த பிறகு, தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு நெட்டை உருவம் பனியை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது.

"நீதானா புதுப்பொண்ணு? நீ இருக்கன்னு நான் சொல்லிட்டேன். இனிமே நீ இருந்துதான் ஆகணும். ஓடு, மலைக்கு ஏறு."

அடுத்த வீட்டு அக்காதான் அது. எங்கள் லயத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் நின்றுவிட்டவள், முந்தின நாள் கள் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாதவன், சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் என்று யார் பேர் வந்து பதில் இல்லாமல் போனாலும் அக்கா குரல் கொடுப்பாள். பிறகு அந்த ஆளுடைய கொழுந்தையும் சேர்த்துப் பறித்துக் கூடையில் போட்டுவிடுவாள். கங்காணிக்கும் தெரியும். பல நாள் கண்டுகொள்ளமாட்டார்.

ஒருமுறை வேண்டுமென்றே அவர், முந்தின மாதம் செத்துப்போன ஒரு கிழவனின் பேரை வாசித்தார். அக்கா வாய் தன் பழக்கத்தில் "இருக்காருங்கய்யா" என்றது. களமே சிரித்தது. "செத்தவனுக்கும் நீதான் பதில் சொல்லுவியா?" என்று கங்காணி கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. சாயந்தரம் கோயிலில் சூடம் ஏற்றிவிட்டு வந்தாள்.

பெரட்டில் மட்டுமல்ல, எங்கேயுமே அவளுக்கு 'இல்லை' என்ற சொல் வராது. கொஞ்சம் உப்பு இருக்கா என்று கேட்டுப் போனால், "இருக்கு, உக்காரு" என்பாள். பின்வாசல் வழியாகப் போய் மூன்றாவது லயத்தில் யாரிடமோ வாங்கி வந்து கொடுப்பாள். அவள் வீட்டுப் பானையிலும் உப்பு இருந்திருக்காது. அவள் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர். நாளெல்லாம் தேயிலைச் செடியின் தலையை வெட்டிக்கொண்டு இருந்ததாலோ என்னவோ அதிகம் பேசமாட்டார். அபூர்வமாகப் பேசினால் இதைத்தான் சொல்வார்: "இவகிட்டப் போய் யானை வேணும்னு கேளுங்களேன். 'இருக்கு, சித்த உக்காருங்க'ம்பா." அக்கா அவர் முதுகில் ஒரு அடி போடுவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவர்கள் வாயால் நான் கேட்டதில்லை.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான்.

ஒருநாள் காலையில் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிக் கீழே போனார். அவருடைய நாய் பங்களா வாசலில் உட்கார்ந்து, கார் போன பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தொழிற்சாலைப் புகை நின்றது. சில மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தோம். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் ஒரே ஒரு உலை மட்டும் ஜப்பான்காரனுக்காக எரிந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற வேலை என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் கேட்டு லாரி வந்தபோது அவர் தப்பித்தது அதனால்தான்.

"மூணே மாசம். சாப்பாடு, துணிமணி, சம்பளம் எல்லாம் உண்டு," என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். திடமான ஆம்பிளைகள் எல்லாரையும் ஏற்றினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொடுத்த கங்காணியையும் கடைசியில் அதே லாரியில் ஏற்றினார்கள். அக்கா வீட்டுக்காரர் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. "மேட்டுக் காட்ட மழைக்கு முன்னாடி கொத்தி வச்சிரு," என்று மட்டும் சொன்னார்.

"கொத்தாம எங்க போறேன்," என்றாள் அக்கா.

மூன்று மாதம் போனது. இன்னொரு மூன்று மாதமும் போனது. யாரும் வரவில்லை.

அதற்குள் அரிசி கண்ணில் படாமல் போயிற்று. தேயிலையைச் சாப்பிட முடியாதே. மேட்டில் மிச்சம் இருந்த தேயிலைச் செடிகளையும் பிடுங்கிவிட்டு மரவள்ளியும் கீலடிக் கிழங்கும் கேழ்வரகும் போட்டோம். மலைக் குளிருக்கு மரவள்ளி லேசில் கிழங்கு வைக்காது. ஊன்றிவிட்டுக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரைவள்ளியைத்தான் கீலடி என்போம். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அதை உப்பில்லாமல் எத்தனை நாள் தின்பது? பிள்ளைகளுக்குக் காலும் முகமும் வீங்க ஆரம்பித்தன.

அந்த நேரத்தில்தான் உதவி வந்தது.

ரிங்லெட் கடைத்தெருவில் ஒரு ராவுத்தரின் மூடிக் கிடந்த கடையைத் திறந்து விவசாய ஆபீஸ் வைத்தார்கள். அதற்கு ஒரு ஜப்பான் அதிகாரி. குட்டையான ஆள், கண்ணாடி போட்டிருப்பான். பூட்ஸில் சேறு பட்டால் முகம் சுருங்கும். எங்கள் பெரட்டுக் களத்தில் நின்று உடைந்த மலாயில் பேசினான். பழைய ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி அதைத் தமிழில் சொன்னார். உணவுப் பயிர் வைக்கிறவர்களுக்கு அரசாங்கமே உதவி செய்யுமாம். மாதாமாதம் அரிசி, உப்பு, கிடைத்தால் துணி. நிலம் வைத்திருக்கிற ஒவ்வொரு ஆம்பிளைக்கும் ஒரு பங்கு.

"பொம்பளைங்களுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆம்பள பேர்லதான் குடுப்பாங்க. ஆம்பள இல்லாத வீட்டுக்குக் கிடையாது."

"கொத்துறது நாங்கதானேய்யா?"

கிராணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் என்னம்மா பண்ணட்டும்? அவன்கிட்ட எதுத்துக் கேக்க முடியுமா? வாய மூடிக்கிட்டு நில்லுங்க."

ஆம்பிளை இருக்கிற வீடுகள் எங்கள் தோட்டத்தில் கைவிரலில் அடங்கும். என் வீட்டுக்கு உப்பு வரும். வலப்பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் வராது. ஆனால் அந்த மேட்டில் வெயில் மழை பாராமல் குனிந்து கிடந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள்தான்.

உதவி கொடுக்கும் முதல் நாள், அதிகாரி ரோட்டோரத்தில் குடைக்கடியில் நின்றான். கிராணி பழைய பெரட்டுப் பேர்களை வாசித்தார். அக்கா வீட்டுக்காரர் பேர் வந்தது. பதில் இல்லை. கிராணி அடுத்த பேருக்கு வாயெடுத்தார்.

"இருக்காருங்கய்யா."

கிராணி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"மானா?" என்றான் அதிகாரி. எங்கே என்று கேட்கிறான்.

அக்கா திரும்பி மேட்டைக் காட்டினாள். பனிக்குள் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். அவள் வீட்டுக்காரருடைய பழைய காக்கிச் சட்டை அது. காட்டுப்பன்றி மனித வாசத்துக்குப் பயப்படும் என்பதற்காகச் சிலுவைபோலக் கட்டிய கம்பில் அவள் மாட்டி வைத்திருந்தது. காற்றில் ஒரு கை மெதுவாக அசைந்தது.

"பன்னி வெரட்டுறாரு. விட்டுட்டு வந்தா கெழங்கு போயிரும்," என்றாள்.

கிராணி அதை மலாயில் சொன்னார். அதிகாரி மேட்டைப் பார்த்தான். வழியெல்லாம் இருந்த சேற்றைப் பார்த்தான். தலையாட்டினான். அக்காவின் முந்தானையில் அரிசியும் உப்பும் விழுந்தன.

அன்று அந்த உப்பை அவள் லயம் முழுக்கப் பங்கிட்டாள். அடுத்த மாதம் பங்கிட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மேடு முழுவதும் ஆம்பிளைகள் நின்றார்கள். சயாமுக்குப் போன ஒவ்வொருவரின் சட்டையும் ஒரு கம்பில் ஏறியிருந்தது. வெயில் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நிற்போம். கேமரன் மலையில் பனிக்கா பஞ்சம்? பேர் வரும்போது பெண்களே பதில் சொல்லிக்கொண்டார்கள். பயத்தில் குரல் எழும்பாதவர்களுக்கு அக்கா சொன்னாள்.

எங்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. சயாமுக்கு ஆள் பிடித்தவன் வேறு, கிழங்குக்கு உதவி கொடுக்கிறவன் வேறு. ஒருத்தன் செய்வது இன்னொருத்தனுக்குத் தெரியாது என்று நம்பினோம்.

உப்பு சேர்ந்தது. பிள்ளைகளின் கால் வற்றியது. ஆனால் மேட்டில் வேறொன்று நடக்க ஆரம்பித்தது. பெண்கள் அந்தச் சட்டைகளோடு பேச ஆரம்பித்தார்கள். பாக்கியம் என்று ஒரு சின்னப்பெண். என் வயதுதான் இருக்கும். கல்யாணமாகி ஆறேழு மாதத்தில் அவள் புருஷன் லாரி ஏறினான். அவள் தினமும் போய்ச் சட்டைக்குப் பித்தான் போட்டுவிடுவாள். மழை வந்தால் சாக்கு எடுத்துக்கொண்டு ஓடி அதன் தலையில் போடுவாள். "பைத்தியமாடி நீ? கம்புடி அது," என்று அக்கா திட்டுவாள். ஒருநாள் நான் களையெடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, கொஞ்ச தூரத்தில் அக்கா அந்தக் காக்கிச் சட்டையின் கழுத்தை நீவிச் சரிசெய்துகொண்டு, தாழ்ந்த குரலில் மழை பிந்திவிட்டதைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பனி நேரத்தில் தனியாக அந்த மேட்டுக்குப் போக எனக்குப் பயம்.

ஒரு மத்தியானம் மழையில் நனைந்துகொண்டு கிராணி லயத்துக்கே வந்துவிட்டார். அவர் கீழ்லயத்துப் பக்கம் வருகிற ஆளே இல்லை. நேரே அக்கா வீட்டு வாசலில் நின்றார்.

"நாளைக்கிக் காலைல லாரி வருதும்மா."

"உதவிக்கா?"

"சயாமுக்கு. இந்தத் தோட்டத்துல இத்தன ஆம்பள உதவி வாங்குறான், அதுல பாதிப் பேர அனுப்புன்னு ஆடர். இங்க உள்ள கணக்க அங்க குடுத்துட்டான் பாவி. நீங்க இருக்கான்னு சொன்ன ஆளுங்கள இப்ப கேக்குறான்."

சுற்றி நின்றவர்களுக்கு மெல்லப் புரிந்தது. சட்டைகளையெல்லாம் சேர்த்து எண்ணி அதில் பாதி கேட்டால், தோட்டத்தில் உயிரோடு மிச்சம் இருக்கிற எல்லாரும் போனாலும் போதாது. என் வீட்டுக்காரர் போக வேண்டும். உலையில் விறகு தள்ளுகிற கிழவர்கள் போக வேண்டும். இல்லையென்றால் ஏமாற்றி உதவி வாங்கினோம் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் முதலில் கிராணியின் தலை போகும்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து வந்தார். விஷயம் கேட்டுவிட்டு, "சரி, நான் அண்ணன் பேர்ல ஏறிக்கிறேன்," என்றார். அக்கா வீட்டுக்காரரைத்தான் அவர் அண்ணன் என்பார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது என் வயிற்றில் மூத்தவன் இருந்தான்.

அக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டு, "செத்துட்டாங்கன்னு சொல்லிருவோம்," என்றாள்.

"யாரு?"

"சட்டை போட்டு நிக்கிறவங்க எல்லாரும். இந்த மாசம் காய்ச்சல் கண்டு செத்துட்டாங்க. கீலடி பாத்தி எல்லாம் கொத்தி மேடு மேடா வெட்டிருவோம். தலமாட்டுல கல்லு வச்சிருவோம். காய்ச்சல்னா அவனுங்களுக்குக் கொலநடுக்கம். கிட்ட வரமாட்டானுங்க."

பாக்கியம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "நான் சொல்லமாட்டேன்க்கா. வாயால சொன்னா நடந்துரும். அவரு எங்கயோ உசுரோட இருக்காரு. நான் சொல்லவேமாட்டேன்."

வேறு சிலரும் அதையே சொன்னார்கள். அக்கா எழுந்து பாக்கியத்தின் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நீ சொல்ல வேணாம்டி. யாரும் சொல்ல வேணாம். எல்லாருக்கும் நானே சொல்லிக்கிறேன்."

அந்த மழையிலேயே மேட்டுக்குப் போனோம். வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும். பாத்திகளைக் குறுக்கே வெட்டி, ஒரு ஆள் நீளத்துக்கு மேடு மேடாக இழுத்துவிட்டோம். கிழங்குக் கொடிகளை அறுத்துப் போட்டோம். வேலை முடிந்தது என்று நினைத்தபோது அக்கா கம்பிலிருந்து காக்கிச் சட்டையைக் கழற்றினாள். மடித்தாள். ஒரு மேட்டைத் தோண்டி அதை உள்ளே வைத்தாள்.

"எதுக்குக்கா?" என்றேன்.

"வெறும் மண்ணக் காட்டி அழ வராது."

ஒவ்வொருத்தியாகத் தன் வீட்டுச் சட்டையைக் கழற்றிப் புதைத்தாள். பாக்கியத்தின் புருஷன் சட்டையை அக்காதான் கழற்றினாள். பித்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

மறுநாள் லாரி வந்தது. அதிகாரியோடு துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். ஆம்பிளைகளை ஒருபக்கம் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் முதல் ஆளாக நின்றார். கிராணி பேர் வாசித்தார். முதல் பேரே அக்கா வீட்டுக்காரர் பேர். களம் முழுக்க அவளைப் பார்த்தது. அன்று அவள் நெற்றியில் குங்குமம் இல்லை. கழுத்திலும் ஒன்றும் இல்லை.

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கிராணி இன்னொரு தடவை வாசித்தார்.

"இல்லைங்கய்யா."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதுவரை நான் கேட்டதே இல்லை. கிராணி அதை மலாயில் சொல்வதற்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. அதிகாரியை நேராகப் பார்த்து அவளே சொன்னாள். "சூடா மாத்தி, துவான். டெமாம்." செத்துப்போனார் ஐயா, காய்ச்சல்.

அடுத்த பேர். "சூடா மாத்தி." அதற்கடுத்த பேர். "சூடா மாத்தி." பாக்கியத்தின் புருஷன் பேர் வந்தபோது அவள் பாக்கியத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சூடா மாத்தி."

அதிகாரி கத்தினான். மேட்டைக் காட்டச் சொன்னான். அன்றைக்கு அவன் பூட்ஸில் சேறு படுவதைப் பற்றி நினைக்கவில்லை. மேடு மேடாகப் பிணக்குழிபோலக் கிடந்ததைப் பார்த்து நின்றான். நம்பவில்லை. துப்பாக்கிக்காரனிடம் என்னவோ சொன்னான். அவன் துப்பாக்கி முனைக் கத்தியை ஒரு மேட்டில் குத்தினான். திருகினான். வெளியே இழுத்தபோது கத்தி நுனியில் ஈரமண்ணோடு காக்கித் துணி ஒரு கிழிசல் ஒட்டிக்கொண்டு வந்தது.

யார் முதலில் அலறியது என்று எனக்குத் தெரியாது. பாக்கியமாகத்தான் இருக்கும். அடுத்த நொடி மேடு முழுவதும் பெண்கள் மண்ணில் விழுந்து புரண்டார்கள். எங்களில் ஒருத்தியும் நடிக்கவில்லை. அக்கா தலைமாட்டுக் கல்லில் கையை அடித்து வளையலை உடைத்தாள். மணிக்கட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. அவள் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். கல்யாணமானதிலிருந்து அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான். நோய் கண்ட தோட்டத்து ஆளை ரயில் ரோட்டுக்கு ஏற்றிக்கொண்டு போக அவனுக்குத் துணிச்சல் இல்லை. சுண்ணாம்பு போடச் சொன்னான். யாரும் கீழே இறங்கக் கூடாது என்றான். உதவி அன்றோடு நின்றது. லாரி வெறுமையாகத் திரும்பிப் போனது. என் வீட்டுக்காரர் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிழைத்துக்கொண்டோம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. சாவு நடந்த ஊர்போல லயம் கிடந்தது. கொஞ்ச நாளில் பசி வந்தது. மேட்டுக்குள் கிழங்கு இருந்தது. ஆனால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போக யாருக்கும் மனசு வரவில்லை. ஒருநாள் அக்கா போய்த் தன் வீட்டுக்காரரின் குழியைத் தோண்டினாள். கிழங்கை அவித்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு ஊட்டினாள். பிறகு மற்றவர்களும் தோண்டினார்கள். பாக்கியத்தின் மேட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அதில் புல் முளைத்தது.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன பிறகு சயாம் பாதை பார்த்துக் காத்திருந்தோம். ஒரு காலைப் பனியில் மேட்டைப் பார்த்தேன். யாரோ திரும்பவும் கம்பு நட்டுச் சட்டை மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு மெலிந்து, அசையாமல் நின்றது. பிறகு அது ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்தது. அக்கா வீட்டுக்காரர்.

அக்கா குடத்தோடு பைப்படியில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்தாள். ஓடவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "மேட்டுக் காட்டக் கொத்தி வச்சேன்," என்றாள். அவ்வளவுதான். அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தப் புண் பிடித்த காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தது அவர் ஒருவர்தான்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கேட்டார்கள். சிலரைத் தன் கையால் புதைத்ததாக அவர் சொன்னார். பாக்கியத்திடம், "தெரியலம்மா. வேற கேம்புக்கு மாத்திட்டானுங்க," என்றார். அதைக் கேட்டு அவள் அழாமல் வெளியே போனாள். மறுநாள் பைப்படியில் எல்லாரும் இருக்கும்போது அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"எல்லாருக்கும் நீதானே செத்துட்டாங்கன்னு சொன்ன? உன் புருஷனுக்கு மட்டும் எப்படிக்கா பலிக்காம போச்சு?"

நான் நடுவில் புகுந்து, "என்ன பேச்சு பேசுற பாக்கியம்? அன்னைக்கி அவங்க சொல்லலன்னா என் புள்ளைக்கு அப்பன் ஏது?" என்றேன்.

"உன் புள்ளைக்கு இருக்காரு. எனக்கு?"

அக்கா பைப்பை மூடினாள். நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் பொதுவில் பேசுவது குறைந்துபோயிற்று. துரை திரும்பி வந்து, பெரட்டு தொடங்கி, பேர் வாசிக்க ஆரம்பித்தபோது தன் பேருக்கு மட்டும் பதில் சொன்னாள். யாராவது பிந்தினால் களம் பழைய நினைப்பில் அவள் பக்கம் திரும்பும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

குங்குமமும் வைக்கவில்லை. புருஷன் உயிரோடு வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போது மூளி நெற்றியோடு திரிந்தாள். ஏன் என்று நான் கேட்டேன். "அழுதாச்சும்மா. அழுதது அழுததுதான்," என்றாள். அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள், புண் கழுவினாள், முதுகு தேய்த்துவிட்டாள். ஆனால் அவர் கூப்பிட்டால் சில நேரம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். வேறு எங்கிருந்தோ அந்தச் சத்தம் வருவது போலப் பார்ப்பாள். அவருக்கு அது தெரியும். எதையும் கேட்காமல் வாசலில் உட்கார்ந்து மேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்தக் கால் ஆறவே இல்லை. சில வருஷத்தில் விஷம் ஏறி அவர் போய்விட்டார்.

அன்று மத்தியானம் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. லயத்து வாசலில் பெஞ்சு போட்டு அவரைக் கிடத்தியிருந்தோம். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டியவள்தான் முதலில் குரல் எடுக்க வேண்டும். பெண்கள் சுற்றி நின்று காத்திருந்தார்கள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. கையால் அவர் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். கூட்டத்தில் கிசுகிசுத்தார்கள்.

பாக்கியம் பைப்படியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அத்தனை வருஷமாக அவள் அந்த வாசலை மிதித்ததில்லை. அக்கா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டாள்.

"வா பாக்கியம். இங்க வந்து உக்காரு."

பாக்கியம் வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்து அவள் அழுதபோது வந்தது தன் புருஷனின் பேர்.

அக்கா ஒரு குடையை எடுத்து விரித்துப் பாக்கியத்தின் தலைக்கு மேலே பிடித்தாள். அப்புறம் இன்னொருத்தி வந்து காலைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி அழுதாள். இன்னொருத்தி வந்தாள். சயாமுக்கு ஆள் கொடுத்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு பேர் சொன்னாள். அவர்களுக்கெல்லாம் கட்டி அழ ஒரு உடம்பு அதுவரை கிடைக்கவில்லை.

தூக்குகிறவர்கள் வந்து நின்றார்கள். மழை வலுக்கிறது, நேரமாகிறது என்றார்கள். அக்கா குடையை இறக்காமல், மற்றக் கையை நீட்டி அவர்களை மறித்தாள்.

"சித்த பொறுங்கப்பா. அவங்க அழுது முடிக்கட்டும்."